கௌபாய் தொடர்களின் பழைய பொருள்கள்: வாசகர் கேள்வி – பதில்

1950, 60களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கௌபாய் தொடர்கள் கொடிகட்டிப் பறந்தன. அவற்றின் பெயரில் வந்த லஞ்ச் பாக்ஸ், கேப் துப்பாக்கி, காமிக்ஸ், பொம்மைச் செட் ஆகியவற்றைச் சேகரிக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: இந்தத் தொடர்களின் பொருள்களைச் சேகரிக்க ஆசை. எந்த நாயகனில் தொடங்கலாம்?

நாயகனை விடுங்கள், ஏதாவது ஒரு பொருள் வகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹாப்பலாங் காசிடி ஒருவரின் பெயரிலேயே கைக்கடிகாரம், சைக்கிள், பேனாக்கத்தி, பால் கோப்பை, படுக்கை விரிப்பு என்று வீட்டில் புழங்கும் எல்லாமே வந்திருக்கின்றன. அத்தனையையும் துரத்தினால் எதிலும் கண் தேறாது. தகரத்தில் மோசடியைக் கண்டுபிடிக்க ஒரு பழக்கம் வேண்டும், காகிதத்தில் கண்டுபிடிக்க வேறொரு பழக்கம் வேண்டும். ஒரு வகையில் நூறு பொருளைக் கையிலெடுத்துப் பார்த்தவருக்கு நூற்றியோராவது பொருளின் குறை தானாகத் தெரியும்.

கால வரிசை மனத்தில் இருந்தால் தேடுவது எளிது. வில்லியம் பாய்ட் நடித்த ஹாப்பலாங் காசிடி 1949 ஜூனில் என்.பி.சி. தொலைக்காட்சியில் வந்தது. அதே ஆண்டு ஏ.பி.சி.யில் லோன் ரேஞ்சர். 1951இல் ராய் ரோஜர்ஸ். இவை மூன்றும் சிறுவர்களுக்கானவை. அதனால் பொம்மையும் பள்ளிக்கூடச் சாமான்களும் குவிந்தன, இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. 1955இல் கன்ஸ்மோக்கும் வயட் எர்ப்பும் தொடங்கியபோது பெரியவர்களும் பார்க்க ஆரம்பித்தார்கள். 1950களின் கடைசியில் ஒரே பருவத்தில் இரண்டு டஜனுக்கு மேற்பட்ட கௌபாய் தொடர்கள் ஓடின. அவற்றில் ஒன்றிரண்டு ஆண்டுகளில் நின்றுபோனவற்றின் பொருள்கள் குறைவு. குறைவு என்பதற்காக விலை ஏறிவிடும் என்று எண்ண வேண்டாம். தொடரை நினைவில் வைத்திருப்பவர்கள் இல்லையென்றால் வாங்குபவர்களும் இல்லை.

புதியவர்களுக்கு நாங்கள் சொல்வது, டாப்ஸ் நிறுவனம் 1958இல் வெளியிட்ட டி.வி. வெஸ்டர்ன்ஸ் சேகரிப்பு அட்டைகள். மொத்தம் 71தான். கன்ஸ்மோக், ஹேவ் கன் வில் டிராவல், வேகன் டிரெயின் உட்படப் பல தொடர்கள் ஒரே வரிசைக்குள் வந்துவிடுகின்றன. எல்லை தெரிந்த தொகுப்பு. அட்டையின் நான்கு மூலை, நடுவமைப்பு, மடிப்பு, பின்பக்கக் கறை என்று தரம் பார்க்கும் பழக்கமும் வந்துவிடும். அடுத்துத் தகரத்துக்குப் போகலாம். பெட்டியோடு கூடிய பொம்மைச் செட்டைக் கடைசிக்கு வையுங்கள். அதில்தான் பணமும் ஏமாற்றமும் அதிகம்.

கேள்வி: சிவப்பு நிற ஹாப்பலாங் காசிடி லஞ்ச் பாக்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது. "1950 அசல்" என்கிறார் விற்பவர். எப்படிச் சரிபார்ப்பது? வாங்கினால் எப்படிச் சுத்தம் செய்வது?

தொலைக்காட்சி நாயகனின் படத்தோடு வந்த லஞ்ச் பாக்ஸ்களுக்கு இதுதான் மூத்தது. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரிலிருந்த அலாடின் நிறுவனம் 1950இல் வெளியிட்டது. முதல் ஆண்டில் மட்டும் 6 லட்சம் விற்றது. எனவே பெட்டி அரிதல்ல, நல்ல நிலையில் இருக்கும் பெட்டிதான் அரிது.

முதலில் பார்க்க வேண்டியது படம் எப்படி ஏறியிருக்கிறது என்பது. 1950 பெட்டி ஒரே நிறம் அடித்த எஃகுப் பெட்டி, சிவப்பு அல்லது நீலம். அதன் மேல் நீரில் நனைத்து ஒட்டும் டீக்கால் படம் இருக்கும். மேக வடிவம், சதுர வடிவம் என்று இரண்டு விதம் உண்டு. பெட்டி முழுவதும் தகரத்திலேயே அச்சான வண்ணப் படம் இருந்தால் அது 1954 பெட்டி. அதுவும் அசல்தான், ஆனால் 1950 அல்ல. 1953இல் அமெரிக்கன் தெர்மாஸ் நிறுவனம் ராய் ரோஜர்ஸ் பெட்டியை முழு வண்ண அச்சில் இறக்கிய பிறகு, ஒட்டுப்படத்தோடு அலாடினால் போட்டி போட முடியவில்லை.

அடுத்து 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுங்கள். பழைய டீக்காலின் ஓரத்தில் மெல்லிய வார்னிஷ் படலம் மஞ்சளாகத் தெரியும், நுண்ணிய வெடிப்பும் இருக்கும். நிறப்புள்ளிகள் ஒழுங்கில்லாமல் தூவியதுபோல் இருந்தால் அது இங்க்ஜெட்டில் எடுத்த புதுப்படம். இதைவிட உறுதியான சோதனை கீறல். பெட்டியில் ஓடும் கீறல் படத்துக்குள்ளும் தொடர வேண்டும். பெயின்டில் ஆழமாக ஓடிவரும் கீறல் படத்தின் ஓரத்தில் திடீரென நின்றுவிட்டால், படம் பின்னால் ஒட்டப்பட்டது என்று பொருள். கீல் மடிப்புகளுக்குள் பெயின்ட் தேங்கி நின்றாலும், கைப்பிடிக் கம்பியின் முனை பெயின்டில் மூழ்கியிருந்தாலும் மறுபூச்சு நடந்திருக்கிறது. பெட்டியோடு வரும் பிளாஸ்க்கையும் திருப்பிப் பாருங்கள். அடியில் அலாடின் முத்திரை இருக்க வேண்டும். வேறு நிறுவனத்தின் பிளாஸ்க்கைச் சேர்த்து "ஜோடி" என்று விற்பது நாள்தோறும் நடக்கிறது.

சுத்தம் செய்யும்போது கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் மென்மையான தூரிகையால் உலர் தூசியை எடுக்க வேண்டும். ஒரு கோப்பை டிஸ்டில்டு தண்ணீரில் வாசனையில்லாத பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு போதும். பஞ்சுக்குச்சியை நனைத்து, பிழிந்து, பெட்டியின் அடிப்பக்க மூலையில் முதலில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் சிவப்பு ஏறினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். ஏறாவிட்டால் ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகத் துடைத்து உடனே உலர்த்துங்கள். டீக்காலுக்கு அரை அங்குலம் முன்பே நின்றுவிட வேண்டும். தண்ணீரில் ஒட்டிய படம் தண்ணீரிலேயே கிளம்பும். உட்புறத் துருவை மட்டும் 0000 எண் எஃகுப் பஞ்சில் இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு லேசாகத் தேய்க்கலாம். வெளிப்பக்கம் எஃகுப் பஞ்சு படவே கூடாது. கடைசியாக, படம் இல்லாத பகுதிக்கு மட்டும் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு, மெல்லிய ஒரு பூச்சு.

இன்னொன்று, இதில் குழந்தைக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் பெயின்டில் காரீயத்துக்கு 0.06 விழுக்காடு என்ற உச்சவரம்பு வந்தது 1978இல்தான். அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு காரீயம் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கேள்வி: ஒரே மாதிரி இரண்டு கன்ஸ்மோக் லஞ்ச் பாக்ஸ். ஒன்றுக்கு மட்டும் கூடுதல் விலை கேட்கிறார்கள். ஏன்?

"மார்ஷல்" என்ற சொல்லின் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். 1959 அலாடின் பெட்டியின் முதல் அச்சில் கடைசி "எல்" எழுத்து தவறுதலாக இரண்டு முறை விழுந்துவிட்டது. பிறகு திருத்தினார்கள். பிழையான அச்சு குறைவு, அதனால் சேகரிப்பாளர்கள் "டபுள் எல்" என்று பெயர் வைத்துத் தேடுகிறார்கள். அந்த எழுத்தருகே கீறலோ மறுபூச்சோ இருந்தால் லென்ஸ் வைத்துப் பார்க்காமல் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். பெட்டியின் பொது நிலை மோசமாக இருந்தால், பிழை இருந்தும் பெரிய பயனில்லை. துருப்பிடித்த டபுள் எல்லை விடப் பளிச்சென்ற சாதாரணப் பெட்டி நல்ல கொள்முதல்.

கேள்வி: 1950களின் கேப் துப்பாக்கி. சுத்தியல் அசையவில்லை, சுற்றிலும் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது. எண்ணெய் விட்டும் பலனில்லை.

எண்ணெயால் தீராத சிக்கல் இது. ரோல் கேப்பில் இருப்பது பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரசும். வெடித்தபின் மிஞ்சும் உப்பும் அமிலமும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உலோகத்தை அரிக்கும். அந்த உப்பு தண்ணீரில்தான் கரையும். எண்ணெய் விட்டால் உப்பின் மேல் மூடி போட்டதுபோல் ஆகிவிடும், அரிப்பு அடியில் நடந்துகொண்டே இருக்கும்.

வேலையைத் தொடங்குமுன் உள்ளே வெடிக்காத கேப் சுருள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தண்ணீர் சொட்டி ஊறவைத்து மரக்குச்சியால் எடுங்கள். உலோகம் வைத்துச் சுரண்டினால் வெடிக்கும். பிறகு கைப்பிடித் தகடுகளைக் கழற்ற வேண்டும். திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி இல்லாமல் தொடாதீர்கள். இறுகியிருந்தால் ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். எஃகுத் திருகு துத்தநாக மரைக்குள் இருக்கிறது, வலிந்து திருப்பினால் மரைதான் போகும். ரிவெட் அடித்த துப்பாக்கியைப் பிரிக்கவே வேண்டாம்.

வெதுவெதுப்பான டிஸ்டில்டு தண்ணீரில் சோப்பு ஒரு சொட்டு கலந்து, பழைய பல்துலக்கியால் சுத்தியலும் கேப் வெடிக்கும் மேடையும் உள்ள இடத்தை மட்டும் தேய்த்து, புதுத் தண்ணீரில் அலசுங்கள். இரண்டு மூன்று முறை செய்யலாம், ஆனால் ஊறவைக்காதீர்கள். உள்ளே எஃகு ஸ்பிரிங் இருக்கிறது. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் பிடித்து மூலை முடுக்கெல்லாம் உலர்த்தியபின் அச்சில் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு. சுத்தியலை விரலால் மெதுவாக முன்பின் அசைத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். விட்டுக்கொடுத்த மகிழ்ச்சியில் "டக் டக்" என்று அடித்துப் பார்க்க வேண்டாம். பழைய துத்தநாக வார்ப்பு மோதலில் உடையும்.

எலுமிச்சை, வினிகர் இரண்டும் கூடாது. அமிலம் துத்தநாகத்தைத் தின்னும். பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்தால் மெல்லிய நிக்கல் பூச்சு போய் அடியிலிருக்கும் உலோகம் எட்டிப்பார்க்கும். அந்தத் துப்பாக்கியை அதற்குப் பிறகு எந்தச் சேகரிப்பாளரும் அசலான நிலை என்று ஏற்கமாட்டார்.

ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளைப் பொடியைத் துடைத்ததும் அடியில் உலோகம் வழவழப்பாக இருந்தால் அது மேற்பரப்புத் துரு. வலைபோல வெடிப்பு ஓடி, உடல் உப்பி, குழல் வளைந்திருந்தால் துத்தநாகச் சிதைவு. வார்க்கும்போது கலந்துபோன காரீயம் போன்ற அசுத்தங்களால் உள்ளிருந்தே நொறுங்குகிறது. இதற்கு மருந்து கிடையாது, ஈரப்பதத்தைக் குறைத்து வைத்தால் வேகம் குறையும், அவ்வளவுதான். இப்படிப்பட்ட துப்பாக்கியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

துப்பாக்கியை அதன் தோலுறைக்குள்ளேயே வைத்திருப்பதும் கெடுதல். தோல் பதனிட்ட அமிலம் பூச்சை மங்கச் செய்யும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், நடுவில் அமிலமில்லாத டிஷ்யூ தாள். உறையின் பித்தளைக் குமிழ்களைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பிடித்தால் மரப் பல்குச்சியால் வழித்து உலர்ந்த துணியால் துடையுங்கள். தோலுக்கு எண்ணெய் பூசினால் களிம்பு இன்னும் கூடும்.

கேள்வி: நான் பார்த்த துப்பாக்கியின் குழல் முனையில் ஆரஞ்சு நிறம். அதைச் சுரண்டிவிட்டால் பழைய தோற்றம் வந்துவிடுமா?

சுரண்டுவதற்கு முன் அது என்ன என்று பாருங்கள். தொழிற்சாலையிலேயே பொருத்திய ஆரஞ்சு அடைப்பானால் அந்தத் துப்பாக்கி 1950களைச் சேர்ந்ததே அல்ல. பொம்மைத் துப்பாக்கிக்கு ஆரஞ்சுக் குறி வேண்டும் என்ற அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1988இல் நிறைவேறி, விதி 1989 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பழைய அச்சில் பின்னாளில் வார்த்ததாக இருக்கலாம். தூரிகையால் பூசியதென்றால், இடையில் விற்ற யாரோ சேர்த்தது. மீண்டும் விற்கவோ அனுப்பவோ எண்ணமிருந்தால் அதை அப்படியே விடுங்கள். எப்படியானாலும் வெளியே கொண்டுபோகும்போது மூடிய பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பொம்மை என்று தெரியாது.

கேள்வி: மார்க்ஸ் கம்பெனியின் கௌபாய் பொம்மைச் செட், "முழுமையானது" என்ற குறிப்போடு. முழுமை என்று எப்படி உறுதி செய்வது?

"முழுமை" என்ற சொல்லை நம்பாதீர்கள், எண்ணுங்கள். மார்க்ஸ் ஒரே பெயரில் சிறியதும் பெரியதுமாகப் பல செட்களை விற்றது. சியர்ஸ் போன்ற கடைகளுக்கென்று தனிச் செட்களும் செய்தது. ஆகவே "ராய் ரோஜர்ஸ் பண்ணை" என்ற பெயரை வைத்து உள்ளடக்கத்தைத் தீர்மானிக்க முடியாது. பெட்டியின் பக்கவாட்டில் அச்சான எண், உள்ளே வந்த செய்முறைத் தாள், அந்த ஆண்டின் சியர்ஸ் கிறிஸ்துமஸ் விலைப்பட்டியல் மூன்றையும் ஒப்பிட்டால்தான் சரியான பட்டியல் கிடைக்கும்.

எண்ணும்போது முதலில் நாயகர்களைத் தேடுங்கள். கன்ஸ்மோக்கின் மாட் தில்லன், லோன் ரேஞ்சர், அவர் தோழன் டான்ட்டோ போன்ற முகம் தெரியும் உருவங்கள் பெரும்பாலும் கிரீம் அல்லது வெள்ளை நிறத்தில் இருக்கும். சாதாரணக் கௌபாய், செவ்விந்தியர், குதிரை எல்லாம் செட்டுக்குச் செட் பொதுவானவை, அவை காணாமற்போனாலும் மாற்று கிடைக்கும். நாயகன் போனால் செட்டின் பாதி மதிப்பு போனது. அடுத்தபடியாகத் தொலைபவை சின்னச் சின்னப் பொருள்கள்: சேணம், பானை, கோடாரி, விளக்கு, கட்டடத்தின் புகைபோக்கி. விற்பவர்கள் வேறு செட்டிலிருந்து உருவங்களை அள்ளிப்போட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டுவதும் உண்டு. உருவங்களின் உயரத்தை அளந்து பாருங்கள். 54 மில்லிமீட்டர், 60 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவுகள் இருந்தன. ஒரே வகை வீரர்களில் இரண்டு அளவும் கலந்து கிடந்தால் காரணம் கேளுங்கள்.

மறுவார்ப்பு இன்னொரு சிக்கல். லூயி மார்க்ஸ் 1972இல் கம்பெனியைக் குவேக்கர் ஓட்ஸுக்கு விற்றார், 1980இல் மார்க்ஸ் கம்பெனி திவாலானது. ஆனால் எஃகு அச்சுகள் அழியவில்லை, பிற்காலத்தில் அவற்றிலேயே மீண்டும் வார்த்தார்கள். உருவம் அதேதான், நிறமும் பிளாஸ்டிக்கின் பளபளப்பும் வேறு. அசலென்று உறுதியான ஓர் உருவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுவதைவிட நல்ல வழி கிடையாது.

தகரக் கட்டடத்தை மாட்டிப் பார்க்கத் துடிக்காதீர்கள். அதன் மடிப்பு நாக்குகள் எத்தனை தடவை மடங்கினவோ தெரியாது, இன்னொரு தடவை மடக்கினால் அறுந்துபோகும். ஏற்கெனவே மாட்டியிருந்தால் அப்படியே வைத்திருங்கள். பிரித்திருந்தால் நாக்குகளை நிமிர்த்தாமல் நடுவில் அட்டை வைத்து அடுக்குங்கள்.

கேள்வி: ஹார்ட்லாண்ட் குதிரைவீரன் பொம்மையை வைத்த அலமாரியைத் திறந்தால் வினிகர் வாடை.

விஸ்கான்சினின் ஹார்ட்லாண்ட் நிறுவனம் பாலடின், பிரெட் மாவெரிக், வயட் எர்ப் போன்ற வீரர்களைச் செல்லுலோஸ் அசிடேட்டில் செய்தது. அந்தப் பிளாஸ்டிக் சிதையும்போது வெளிவருவது அசிட்டிக் அமிலம், அந்த வாடைதான் உங்களுக்கு வருகிறது. வெளியேறிய அமிலமே சிதைவை இன்னும் தூண்டும், பக்கத்திலிருக்கும் உலோகத்தையும் காகிதத்தையும் கெடுக்கும். எனவே அந்தப் பொம்மையை இன்றே பிரித்து வையுங்கள். காற்றுப் புகாத பையில் மூடுவது தவறு, காற்றோட்டமான குளிர்ந்த இடம் வேண்டும். பக்கத்தில் திறந்த கிண்ணத்தில் செயற்படு கரி வைத்தால் அமிலத்தை ஓரளவு இழுத்துக்கொள்ளும். மேற்பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கோ வெள்ளைப் படிகமோ தெரிந்தால் உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் பக்கத்திலேயே வரக்கூடாது. இந்தப் பிளாஸ்டிக் அதில் கரைந்துவிடும்.

வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். ஹார்ட்லாண்ட் வீரன் என்றால் குதிரை, சேணம், தொப்பி, துப்பாக்கி எல்லாம் சேர்ந்ததுதான். தொப்பியும் துப்பாக்கியும் எளிதில் தொலைபவை என்பதால் புதிதாக வார்த்த மாற்றுகள் சந்தையில் உண்டு. மாற்று என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற விலை கொடுங்கள்.

கேள்வி: தி ரைஃபிள்மேன் காமிக்ஸ் முதல் இதழைப் பல ஆண்டுகளாகத் தேடுகிறேன். 2ஆம் எண்ணிலிருந்துதான் கிடைக்கிறது.

1 என்று எண்ணிட்ட இதழ் வெளிவரவே இல்லை. டெல் நிறுவனம் புதுத் தொடர்களை முதலில் ஒரு பொது வரிசையில் வெளியிட்டுப் பார்க்கும். சேகரிப்பாளர்கள் அதை ஃபோர் கலர் வரிசை என்பார்கள். ரைஃபிள்மேன் அதில் 1009ஆம் எண்ணாக 1959இல் வந்தது. விற்பனை நன்றாக இருந்ததால் தனி இதழாக மாறி 2 என்ற எண்ணிலிருந்து தொடர்ந்தது. இப்படியே கன்ஸ்மோக் 679, மாவெரிக் 892, ஹேவ் கன் வில் டிராவல் 931, பொனான்சா 1110. பொனான்சாவில் இன்னொரு குழப்பமும் உண்டு. 1962இல் கோல்ட் கீ என்ற பெயரில் புது வரிசை தொடங்கியபோது எண்ணும் 1 என்று புதிதாகத் தொடங்கியது. அதனால் விற்பவர் "பொனான்சா முதல் இதழ்" என்றால் எந்த முதல் இதழ் என்று கேளுங்கள்.

இந்த இதழ்களின் அழகே நடிகரின் வண்ணப் புகைப்பட அட்டைதான். வெயில் பட்டால் சிவப்பு முதலில் வெளிறும். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறையில், அமிலமில்லாத அட்டையோடு, நிற்கும் நிலையில் வையுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், அதிலிருந்து கசியும் மென்மையாக்கி அச்சு மையைப் பிடித்து இழுக்கும். ஸ்டேப்பிள் துருப்பிடித்திருந்தால் அதைப் பிடுங்கிப் புதியது போடாதீர்கள், ஓட்டை கிழிந்துவிடும். கிழிந்த பக்கத்துக்குச் செல்லோடேப் ஒட்டுவது மன்னிக்க முடியாத பாவம். பசை பழுப்பாகி, தாளுக்குள் இறங்கி, என்றைக்கும் வெளியே வராது.

கேள்வி: பாலடினின் குதிரைமுக அடையாள அட்டை ஒன்று கிடைத்திருக்கிறது. அசலா, பின்னால் அச்சிட்டதா?

ஹேவ் கன் வில் டிராவலில் பாலடினாக நடித்த ரிச்சர்ட் பூன் நீட்டும் அந்தச் சின்ன அட்டை, நகலெடுக்க மிக எளிதான பொருள். அதனால் தனியாகக் கிடைக்கும் அட்டைக்கு அதிக விலை கொடுக்காதீர்கள். துப்பாக்கிச் செட்டோடு, அதே பெட்டியில், அதே பழுப்போடு வந்த அட்டைக்குத்தான் மதிப்பு.

எந்தக் காகிதப் பொருளானாலும் எழுத்தின் ஓரத்தை லென்ஸில் பாருங்கள். அசலில் எழுத்துகள் கோட்டு அச்சு, ஓரம் அறுத்ததுபோலத் திடமாக இருக்கும். அசலை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்டால் எழுத்தே புள்ளிகளாகச் சிதறும். கறுப்பு எழுத்தைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகள் தெரிந்தால் முடிவு சொல்லிவிடலாம். படங்களில் புள்ளிக்கு மேல் புள்ளி விழுந்து அலைபோன்ற கோலம் தெரியும். புற ஊதா விளக்கைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். வெண்மையூட்டும் ரசாயனம் கலந்த தாள் அதில் ஒளிரும். ஆனால் அந்த ரசாயனம் 1950களிலேயே காகிதத்தில் வரத் தொடங்கிவிட்டதால், இந்தக் காலப் பொருளுக்கு அந்த ஒளிர்வை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. முகவரி அச்சாகியிருந்தால் அதைப் படியுங்கள். ஐந்திலக்க ஜிப் எண் 1963 ஜூலையில்தான் வந்தது. பட்டைக்கோடு (பார்கோடு) இருந்தால் 1974க்குப் பிந்தையது. பதிப்புரிமை ஆண்டு மட்டும் எதையும் நிரூபிக்காது, மறுபதிப்பிலும் அதே ஆண்டுதான் இருக்கும்.

கேள்வி: கண்ணில் வைத்துப் பார்க்கும் வியூ மாஸ்டர் கருவியின் பட வட்டுகளில் சில பளிச்சென்று இருக்கின்றன, சில செக்கச் சிவந்துவிட்டன. மீட்க முடியுமா?

முடியாது. வியூ மாஸ்டரை முதலில் தயாரித்த சாயர்ஸ் நிறுவனத்தின் காலத்து வட்டுகள் கோடாக்குரோம் பிலிமில் எடுக்கப்பட்டவை, அந்தச் சாயம் இருட்டில் நீண்ட நாள் நிற்கும். ஜி.ஏ.எஃப். நிறுவனம் 1966இல் சாயர்ஸை வாங்கியது. பின்னர் மாற்றிய பிலிமில் நீலச்சாயம் முதலில் மங்க, சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. வாங்கும்போது வட்டை வெளிச்சத்தில் பிடித்து ஏழு காட்சிகளையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: லோன் ரேஞ்சர் அணுகுண்டு மோதிரம் கதிரியக்கம் உள்ளது என்கிறார்களே, வீட்டில் வைத்திருக்கலாமா?

வைத்திருக்கலாம். இது தொலைக்காட்சிக்கு முந்தைய வானொலிக் காலத்துப் பரிசு. 1947இல் கிக்ஸ் தானியப் பெட்டியின் மேல்மூடியோடு 15 சென்ட் அனுப்பியவர்களுக்கு வந்தது. உள்ளே மிகச் சிறிய அளவு பொலோனியம்-210, அதன் எதிரே துத்தநாக சல்ஃபைடு திரை. இருட்டில் பார்த்தால் திரையில் பொறிகள் தெரியும். பொலோனியத்தின் அரை ஆயுள் 138 நாள். நான்கு ஆண்டுகளிலேயே ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. எனவே "இன்னும் ஒளிர்கிறது" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். பார்க்க வேண்டியது சிவப்பு வால்மூடி இருக்கிறதா என்பதுதான். எளிதில் கழன்று தொலையும் பகுதி அதுவே.

கேள்வி: சார்ஜென்ட் பிரெஸ்டன் தொடரோடு வந்த ஒரு சதுர அங்குல நிலப் பத்திரம் எங்களிடம் இருக்கிறது. நிலத்துக்கு உரிமை கோர முடியுமா?

முடியாது. குவேக்கர் ஓட்ஸ் 1955இல் கனடாவின் யூகான் பகுதியில் சுமார் 19 ஏக்கர் நிலத்தை வைத்து, 2 கோடியே 10 லட்சம் பத்திரங்களைத் தானியப் பெட்டிகளோடு கொடுத்தது. எந்தப் பத்திரமும் பதிவு செய்யப்படவில்லை. 37.20 டாலர் வரி பாக்கிக்காக 1965இல் கனடா அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. பத்திரம் இன்று சேகரிப்புப் பொருள் மட்டுமே. அத்தனை கோடி அச்சானதால் விலையும் அதிகமில்லை. மடிப்பில் கிழியாமல் இருந்தால் பாலியெஸ்டர் உறையில் விரித்து வையுங்கள்.

கேள்வி: ராய் ரோஜர்ஸின் குதிரை டிரிகர் பெருந்தொகைக்கு ஏலம் போனதாகப் படித்தேன். அப்படியானால் என்னிடமுள்ள ராய் ரோஜர்ஸ் பொருள்களும் ஏறுமா?

அது வேறு, இது வேறு. 2010 ஜூலையில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பாடம் செய்த டிரிகர் 2,66,500 டாலருக்குப் போனது. உலகில் அப்படி ஒன்றுதான் உண்டு. உங்களிடம் இருப்பது லட்சக்கணக்கில் தயாரான பொருள். 1950இல் பத்து வயதில் இந்தத் தொடர்களைப் பார்த்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் சேர்த்தவை சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. எனவே சாதாரணப் பொருள் தேங்குகிறது, பெட்டியோடு கெடாமல் இருக்கும் நல்ல பொருளுக்கு மட்டும் ஆள் இருக்கிறது. விலை பார்க்கும்போது விற்பவர் கேட்கும் தொகையை விடுங்கள், உண்மையில் விற்று முடிந்த தொகையைத் தேடுங்கள். லாபத்துக்காக இதில் இறங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: பிளாஸ்க்கோடு கூடிய லஞ்ச் பாக்ஸைத் தபாலில் வரவழைக்கிறேன். விற்பவரிடம் எப்படிக் கட்டச் சொல்வது?

பிளாஸ்க்கைப் பெட்டிக்கு உள்ளே வைக்கவே கூடாது. அது உருண்டு உள்ளிருந்தபடியே தகரத்தை நெளித்துவிடும், தன் கண்ணாடிக் குடுவையையும் உடைத்துக்கொள்ளும். தனியாகச் சுற்றச் சொல்லுங்கள், மூடியையும் கோப்பையையும் கழற்றி வேறாக. பெட்டியின் மேல் முதல் சுற்று அமிலமில்லாத டிஷ்யூ. அச்சு மை ஒட்டும் என்பதால் செய்தித்தாள் வேண்டாம். அதற்கு மேல் குமிழ் உறை, குமிழ்கள் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், உள்பக்கம் இருந்தால் பழைய பெயின்டில் வட்டவட்டமாகத் தடம் விழும். கைப்பிடியைச் சாய்த்து, அதற்கும் மேல்தகட்டுக்கும் நடுவில் டிஷ்யூ மடிப்பு. பிறகு ஓர் அட்டைப் பெட்டி, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் மெத்தை விட்டு இன்னொரு பெட்டி. கேப் துப்பாக்கியும் சேர்ந்து வருகிறதென்றால் கேப் சுருள்களைச் சேர்க்க வேண்டாம் என்று எழுதிக் கேளுங்கள். அது வெடிபொருள், அஞ்சலில் அனுப்பக் கூடாது.

குளிர்காலத்தில் பார்சல் வந்தால் உடனே பிரிக்காதீர்கள். சில்லிட்ட தகரம் வீட்டின் வெப்பக் காற்றைத் தொட்டதும் வியர்க்கும், கீலுக்குள் இறங்கும் அந்த ஈரம் துருவாகும். ஒரு நாள் முழுக்க மூடியபடியே அறைக்குள் வைத்துவிட்டு அப்புறம் பிரியுங்கள்.